இந்த எண்ணெயை இன்னொரு தடவை காய்ச்சலாமா?

சட்டியில் எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்து புகையத் தொடங்கினால் கண் எரியும், தொண்டை கமறும். சன்னலைத் திறந்துவிட்டு, அடுப்பைக் குறைத்துவிட்டு நாம் வேலையைத் தொடர்வோம். அந்தக் கமறலுக்குக் காரணமான பொருளின் பெயர் அக்ரோலின். முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படை எதிரிகளின் கண்ணைக் கலங்க வைக்கப் பயன்படுத்திய அதே பொருள்தான் இது. தீபாவளிக்கு முறுக்குச் சுடும்போதும் சிறிதளவு நம் வீட்டுக்குள் வந்துவிட்டுப் போகிறது.

நான் நெகிரி செம்பிலானில், ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். அப்பா முதலில் பால் வெட்டினார். பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகு குலை வெட்டினார். அவர் வெட்டிய குலையிலிருந்து வரும் எண்ணெயை ஆய்வுக்கூடத்தில் பரிசோதிப்பது இன்று என் வேலை. தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "பொரிச்ச எண்ணெயை இன்னொரு தடவை காய்ச்சலாமா, கூடாதா?"

ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதில் எப்படிக் கிடைத்தது என்பதும் தெரிந்தால்தான் நம்பிக்கை வரும். கண்ணுக்குத் தெரியாத, நிற்கச் சொன்னால் நிற்காத ஒரு பொருளை எப்படிப் பிடித்து, எண்ணி, அளக்கிறார்கள் என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

ஒரு பெரிய குடும்பம்

அக்ரோலின் தனி ஆள் இல்லை. கார்பனைல் சேர்மங்கள் என்னும் பெரிய குடும்பத்தில் ஒருவர். ஒரு கார்பன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்திருக்கும் பகுதிதான் இந்தக் குடும்பத்தின் அடையாளம். அந்தப் பகுதி ஒரு கொக்கி போல வேலை செய்யும். பக்கத்தில் புரதமோ, மரபணுவோ இருந்தால் அதில் மாட்டிக்கொள்ளப் பார்க்கும். கொக்கி எவ்வளவு கூர்மையோ அவ்வளவு ஆபத்து.

தோட்டத்து வாழ்க்கையில் இந்தக் குடும்பம் நமக்குப் புதிதில்லை. ரப்பர் ஷீட்டுகளை நாள்கணக்கில் தொங்கவிட்டு, பால்மர விறகின் புகையில் உலர்த்தும் புகைக்கூடம் நினைவிருக்கிறதா? விறகுப் புகையில் ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அக்ரோலின் மூன்றும் உண்டு. புகையிலுள்ள வேறு சில பொருள்கள் ஷீட்டில் பூஞ்சணம் பிடிக்காமல் காத்தன. ஆனால் உள்ளே போய்ப் புரட்டிப் போட்டவரின் கண்ணும் நெஞ்சும் அதற்கு விலை கொடுத்தன. வெட்டிய பால் உறைந்து போகாமல் இருக்கக் கலந்த மருந்துகளில் அம்மோனியா ஒன்று, ஃபார்மலின் இன்னொன்று. ஃபார்மலின் என்பது தண்ணீரில் கரைந்த ஃபார்மால்டிஹைடு. 2004-ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் ஃபார்மால்டிஹைடைச் சேர்த்தது.

கள்ளுக்கடையையும் விட்டுவிட முடியாது. குடித்த மதுவைக் கல்லீரல் உடைக்கும்போது முதலில் உருவாவது அசிட்டால்டிஹைடு. குடிப்பதால் உடலில் சேரும் அசிட்டால்டிஹைடையும் அதே அமைப்பு 2009-இல் முதல் வகையில் வைத்தது. கள்ளானாலும் சம்சுவானாலும் விலையுயர்ந்த விஸ்கியானாலும் கல்லீரலுக்கு வித்தியாசம் தெரியாது.

இதைப் படித்துவிட்டு எல்லாக் கார்பனைலும் விஷம் என்று நினைத்துவிட வேண்டாம். சீரகத்தை வறுக்கும்போது வரும் மணம் ஓர் ஆல்டிஹைடு. பிரியாணியில் போடும் பட்டையின் மணமும் ஆல்டிஹைடுதான். சூடான முறுக்கில் "பொரித்த வாசம்" என்று சொல்கிறோமே, அதைத் தரும் முக்கியப் பொருளும் இதே குடும்பம். எது இருக்கிறது என்பதோடு கேள்வி முடிவதில்லை. எது, எவ்வளவு என்பதுதான் கேள்வி. "எவ்வளவு" என்ற சொல் வந்துவிட்டால் அளவை வேண்டும்.

சட்டிக்குள் நடப்பது

மலேசியாவில் செம்பனையை வணிக நோக்கில் முதன்முதலாக நட்டது 1917-இல், சிலாங்கூரில். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயரைக் கேட்டாலே அங்கே யார் உழைத்திருப்பார்கள் என்று தெரிந்துவிடும். நெகிரி செம்பிலானில் பகாவ், சிலியாவ், லாபு, தம்பின் எனப் பால்மரம் நின்ற பல இடங்களில் பின்னாளில் செம்பனை வந்தது. இன்று நம்மில் பெரும்பாலோர் வீட்டில் பொரிப்பது அந்த எண்ணெயில்தான். 1 கிலோ பொட்டலம் 2 வெள்ளி 50 காசு என்ற உதவித்தொகை விலையில் கிடைப்பதும் அதுதான்.

எண்ணெய் என்பது கிளிசரால் என்ற முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமிலங்கள் தொங்கும் அமைப்பு. 180 பாகை செல்சியஸ் வெப்பத்தில், காற்றுப் பட, ஈரமான வாழைப்பழமோ கோழித் துண்டோ உள்ளே விழ, இந்த அமைப்பு சிதையத் தொடங்குகிறது. கிளிசரால் தண்ணீரை இழந்தால் அக்ரோலின். லினோலிக் என்ற கொழுப்பு அமிலம் ஆக்சிஜனோடு சேர்ந்து உடைந்தால் நான்கு ஹைட்ராக்ஸி நோனனல் என்ற நீண்ட பெயர்க்காரர் பிறக்கிறார். சுருக்கமாக எச்.என்.இ. என்பார்கள். ஆஸ்திரியாவின் கிராஸ் நகர ஆய்வாளர்கள், குறிப்பாக ஹெர்மன் எஸ்டர்பாவர், இதன் குணத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். உயிரணுக்களின் புரதங்களில் மாட்டிக்கொண்டு அவற்றின் வேலையைக் கெடுப்பதில் இது கெட்டிக்காரர். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் சாரி சல்லானி என்ற பேராசிரியரின் குழு, பொரிக்கும் வெப்பத்தில் வைத்த சோயா எண்ணெயில் எச்.என்.இ. உருவாவதை 2002-இல் அளந்து காட்டியது.

இந்த இடத்தில் செம்பனைக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. சோயா எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலிக் அமிலம். செம்பனை எண்ணெயில் பத்தில் ஒரு பங்குதான். எனவே எச்.என்.இ. உருவாக மூலப்பொருள் குறைவு, சூட்டையும் தாங்கும். ஆனால் அதே எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம் என்பது இருதய மருத்துவர் சொல்லும் மறுபக்கம். தாங்கும் என்பதற்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் காய்ச்சலாம் என்று பொருளில்லை. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆய்வாளர்கள் ஐந்து முறையும் பத்து முறையும் சூடாக்கிய செம்பனை எண்ணெயைத் தீவனத்தில் கலந்து எலிகளுக்குப் பல வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் இரத்த அழுத்தம் உயர்ந்தது. எலி மனிதன் இல்லை. இருந்தாலும் எச்சரிக்கைக்கு அது போதும்.

பிடிபடாதவரைப் பிடிப்பது

அக்ரோலினை அளப்பதில் என்ன கஷ்டம்? அது 53 பாகையிலேயே ஆவியாகிவிடும். போத்தலைத் திறந்து மூடுவதற்குள் பாதி பறந்துவிடும். மிச்சம் இருப்பதும் பக்கத்தில் கிடைத்த எதனுடனாவது சேர்ந்து வேறாகிவிடும். அளவோ மிக மிகக் குறைவு. ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் ஒரு தேக்கரண்டி எதையாவது ஊற்றிக் கலந்தால் நூறு கோடியில் இரண்டு பங்கு. இந்த அளவில்தான் பல நேரம் தேட வேண்டியிருக்கிறது.

தோட்டத்தில் கோழிகள் மேயும்போது எது யாருடையது என்று தெரிய காலில் வண்ணத் துணி கட்டுவார்கள். இரசாயனவியலாளர் செய்வதும் அதுதான். ஆல்டிஹைடின் கொக்கியில் மாட்டக்கூடிய பெரிய, கனமான, நிறமுள்ள ஒரு மூலக்கூறை நாமே கொடுத்துவிடுகிறோம். கொக்கி அதில் மாட்டிக்கொள்கிறது. அதன்பின் அது பறக்காது, வேறு எதனுடனும் சேராது, கருவிக்கும் நன்றாகத் தெரியும்.

இந்த உத்தி பழையது. ஜெர்மனியின் எமில் ஃபிஷர் 1875-இல் ஃபினைல்ஹைட்ரசின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார். சர்க்கரையிலும் கார்பனைல் உண்டு. அதில் ஃபினைல்ஹைட்ரசினை மாட்டிவிட்டு, ஒவ்வொரு சர்க்கரையையும் பிரித்து அடையாளம் கண்டார். 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கண்டுபிடித்த பொருளே அவர் உடலையும் நெடுநாள் வாட்டியது. 1926-இல் இங்கிலாந்தின் ஆஸ்கர் பிரேடி, டைநைட்ரோஃபினைல்ஹைட்ரசின் என்ற உறவுக்காரப் பொருளைப் பயன்படுத்தும் முறையை எல்லாருக்கும் பழக்கமாக்கினார். சுருக்கமாக டி.என்.பி.எச். ஆல்டிஹைடு உள்ள நீரில் இதை ஊற்றினால் மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் படிவு இறங்கும். ஐந்தாம் படிவத்துக்குப் பிறகு இரசாயனம் எடுத்த பிள்ளைகள் இதைப் பார்த்திருப்பார்கள்.

நிறம் வந்துவிட்டது. யார் என்று எப்படித் தெரியும்? அங்கேதான் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வருகிறது. நிறைமானி என்று வைத்துக்கொள்வோம். மூலக்கூறுகளை மின்னேற்றி, பறக்கவிட்டு, ஒவ்வொன்றின் எடையையும் சொல்லும் கருவி அது. திரவத்தில் இருக்கும் மூலக்கூறுகளைச் சிதைக்காமல் மின்தூறலாகப் பறக்கவிடும் வழியைச் செம்மைப்படுத்திய ஜான் ஃபென் 2002-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

கணக்கு எளிது, பள்ளிப் பிள்ளையும் போடலாம். டி.என்.பி.எச்.-இன் எடை 198. ஃபார்மால்டிஹைடின் எடை 30. இரண்டும் சேரும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறும். அதன் எடை 18. எனவே 198-உடன் 30-ஐக் கூட்டி 18-ஐக் கழித்தால் 210. அக்ரோலின் 56 என்பதால் 236. எச்.என்.இ. 156 என்பதால் 336. முதலில் ஒரு நீண்ட குழாய் இவர்களை வரிசையாகப் பிரித்து அனுப்பும். பிறகு நிறைமானி எடையைச் சொல்லும். அதன்பின் அந்த மூலக்கூறை உடைத்து, துண்டுகளின் எடையையும் பார்க்கும். வந்த நேரம், முழு எடை, துண்டுகளின் எடை ஆகிய மூன்றும் பொருந்தினால்தான் பெயர் எழுதுவோம்.

இந்த அளவு கறார் ஏன்? பழைய முறை ஒன்று இருக்கிறது. கெட்டுப்போன எண்ணெயோடு தயோபார்பிட்டூரிக் அமிலத்தைச் சேர்த்தால் இளஞ்சிவப்பு வரும். மலிவானது, விரைவானது. ஆனால் சர்க்கரை போன்ற வேறு பொருள்களும் அதில் நிறம் காட்டும். யார் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் தினமும் செய்யும் அனிசிடின் பரிசோதனையும் ஆல்டிஹைடோடு ஒன்றை மாட்டி நிறம் பார்ப்பதுதான். எண்ணெய் கெட்டிருக்கிறதா என்று அறிய அது போதும். எந்த ஆல்டிஹைடு, எத்தனை மைக்ரோகிராம் என்று அறிய நிறைமானிதான் வேண்டும்.

அளப்பவருக்கும் சோதனைகள் உண்டு. பலகைச் சாமான்களில் இருந்து ஃபார்மால்டிஹைடு காற்றில் கசிந்துகொண்டே இருக்கும். நகச்சாயம் அழிக்கும் திரவத்தில் உள்ள அசிட்டோனும் கார்பனைல்தான். அதனால் எங்கள் கூடத்துக்குள் அந்தத் திரவம் வரக்கூடாது. எண்ணெயே வைக்காத வெற்று மாதிரி ஒன்றையும் எல்லா வேலைகளையும் செய்து அளந்து, அதில் வந்த அளவைக் கழிக்க வேண்டும். அக்ரோலின் இன்னும் குறும்பு: டி.என்.பி.எச்.-இல் மாட்டிய பிறகும் அமிலத்தில் நிலைத்து நிற்காது. அதற்கு வேறு முத்திரைப் பொருள் தேட வேண்டியிருக்கும். எடுத்த மாதிரியில் எவ்வளவு வழியில் தொலைந்தது என்று அறிய, அதே ஆல்டிஹைடின் சற்றுக் கனமான இரட்டையைத் தெரிந்த அளவில் தொடக்கத்திலேயே கலந்துவிடுவோம். இரட்டையில் பாதி தொலைந்திருந்தால் அசலிலும் பாதி தொலைந்திருக்கும். இரண்டின் விகிதம் உண்மையைச் சொல்லிவிடும்.

மண்டபத்தில் கேட்ட கேள்விகள்

சில மாதங்களுக்கு முன் தோட்ட மண்டபம் ஒன்றில் பெண்களோடு இதைப் பற்றிப் பேசினேன். பெரும்பாலோர் என் அம்மா வயதுக்காரர்கள். கணக்கைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தார்கள்.

"உருளைக்கிழங்குத் துண்டு ரெண்டு போட்டுப் பொரிச்சு எடுத்தா எண்ணெய் சுத்தமாயிடும்னு சொல்வாங்களே தங்கச்சி?" என்றார் ஒருவர்.

நல்ல கேள்வி. வாசமும் நிறமும் கொஞ்சம் குறையலாம். மூக்குக்குத் தெரிவது ஆவியாகக்கூடிய சிறிய ஆல்டிஹைடுகள் மட்டும். கொழுப்பு அமிலம் நடுவில் உடையும்போது ஒரு துண்டு ஆவியாகப் போய்விடும். மறு துண்டு, தன் கொக்கியோடு, கிளிசராலில் ஒட்டியபடி எண்ணெயிலேயே தங்கிவிடும். அதற்கு வாசம் கிடையாது. வாசம் போய்விட்டது என்பதால் எண்ணெய் புதிதாகிவிடவில்லை. மூக்கால் இதை அறிய முடியாது என்பதால்தான் இத்தனை கருவி.

"மிச்ச எண்ணெயில புது எண்ணெய் கலந்துக்கிட்டா?" என்றார் இன்னொருவர். பழைய எண்ணெயில் ஏற்கனவே தொடங்கிவிட்ட ஆக்சிஜனேற்றம் புதியதையும் விரைவாகக் கெடுக்கும். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான்.

பின்வரிசையில் ஓர் அக்கா எழுந்தார். பாசார் மாலாமில் பீசாங் கோரேங் போடுகிறவர். கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள். "நீ சொல்றது எல்லாம் சரிம்மா. ஒரு சட்டிக்கு அஞ்சு கிலோ எண்ணெய் ஊத்துறேன். தினம் கொட்டிட்டா எனக்கு என்ன மிஞ்சும்? உன் மிஷினு அதச் சொல்லுமா?"

மண்டபம் அமைதியானது. நானும் உடனே பதில் சொல்லவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. "எத்தனை தடவை" என்ற கணக்கே வியாபாரத்துக்குப் பொருந்தாது என்பதைத்தான் அவரிடம் சொன்னேன். 170 பாகையில் மாவுத் துகள்களை அடிக்கடி அரித்தெடுத்துக்கொண்டு பொரித்த எண்ணெயும், புகைய விட்டுக் கருகிய துகள்களோடு கிடந்த எண்ணெயும் ஒன்றல்ல. முதலாவது நெடுநேரம் தாங்கும். இரண்டாவது ஒரே மாலையில் கெட்டுப்போகும். பல ஐரோப்பிய நாடுகளில் எண்ணெயில் சேரும் சிதைபொருள்களின் மொத்த அளவு 25 சதவீதத்தை ஒட்டி வந்தால் அந்த எண்ணெயைக் கடையில் பயன்படுத்தக் கூடாது. அங்கே நாள் கணக்கு இல்லை, எண்ணெயின் நிலைதான் கணக்கு. அதைக் காட்டும் கையடக்கக் கருவியும் சோதனைத் தாளும் விற்பனையில் உண்டு. நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு கருவி வாங்கிக்கொள்ளலாம். கொட்டும் எண்ணெயையும் கொட்ட வேண்டாம். உயிர்ம எரிபொருளுக்காகக் கிலோ கணக்கில் விலைக்கு எடுப்பவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள்.

"அப்ப சூட்டக் குறைச்சு, துகள அரிச்சு எடுக்கணும். காசு செலவில்லாத வேலை," என்றார் அந்த அக்கா. நான் சொன்னதை என்னைவிட நன்றாகச் சுருக்கிவிட்டார். அடுப்புக்குப் பக்கத்தில் மாலை முழுக்க நிற்பவர் அவர். புகையைக் குறைத்தால் முதல் பலன் அவருடைய நுரையீரலுக்குத்தான். அக்ரோலினை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று வலுவாகச் சந்தேகிக்கப்படும் பொருள்களின் வரிசையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் அமைப்பு இப்போது வைத்திருக்கிறது.

இரத்தத்துக்குள்ளும் இதே கதை

அன்று நான் எண்ணெயோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இந்தக் குடும்பத்தின் இன்னொரு கிளை நம் இரத்தத்தில் ஓடுகிறது.

இரத்தத்திலுள்ள குளுக்கோசிலும் ஒரு கார்பனைல் உண்டு. கொக்கி மழுங்கியது என்பதால் மெதுவாகத்தான் மாட்டும். ஆனால் சர்க்கரை அதிகமாக இருந்தால், நாள்கணக்கில் இருந்தால், சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினில் மாட்டிக்கொள்ளும். ஈரானின் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் என்ற மருத்துவர் 1968-இல், இனிப்புநீர் நோயாளிகளின் இரத்தத்தில் இப்படிப்பட்ட ஹீமோகுளோபின் வழக்கத்துக்கு மாறாக இருப்பதைக் கவனித்து எழுதினார். இன்று அரசாங்க கிளினிக்கில் எடுக்கும் எச்.பி.ஏ.1சி பரிசோதனை அங்கிருந்து வளர்ந்ததுதான். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். ஆகவே அந்த எண் கடந்த இரண்டு மூன்று மாதத்தின் கதையைச் சொல்லும். கிளினிக்குக்குப் போவதற்கு முதல் நாள் மட்டும் சோற்றைக் குறைத்துக்கொள்வது நம்மவர்களின் பழக்கம். இந்தப் பரிசோதனையில் அது எடுபடாது. உலகம் முழுக்க இந்த எண் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக வகுத்த மூல அளவை முறையிலும் ஹீமோகுளோபினின் ஒரு நுனியை வெட்டி எடுத்து நிறைமானியில் எடை பார்க்கிறார்கள்.

குளுக்கோஸ் உடலில் உடையும்போது மெத்தில்கிளையாக்ஸால் என்ற பொருளும் சிறிதளவு உருவாகிறது. குளுக்கோசைவிட இதன் கொக்கி பல மடங்கு கூர்மை. இரத்தக் குழாய், சிறுநீரகம், கண், நரம்பு ஆகியவற்றின் புரதங்களில் மாட்டி அவற்றை விறைக்க வைக்கும். உடலிலும் காவலர் உண்டு: கிளையாக்ஸலேஸ் என்ற நொதிகள் இதை உடனுக்குடன் அப்புறப்படுத்தும். 1913-லேயே இந்த நொதிச் செயலைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சர்க்கரை கட்டுக்கடங்காமல் போனால் காவலருக்கு வேலை மிஞ்சிவிடுகிறது. இதை அளக்க இன்னொரு முத்திரைப் பொருள் இருக்கிறது. அதன் எடை 108, மெத்தில்கிளையாக்ஸாலின் எடை 72. மெத்தில்கிளையாக்ஸாலில் இரண்டு கொக்கி என்பதால் இரண்டு தண்ணீர் மூலக்கூறு வெளியேறும். 108 கூட்டல் 72 கழித்தல் 36, ஆக 144. அந்த எடையைத்தான் நிறைமானியில் தேடுவார்கள். இது இன்னும் ஆய்வுக்கூடத்து அளவைதான். கிளினிக்கில் இதைக் கேட்டு வாங்க முடியாது, தேவையும் இல்லை. எச்.பி.ஏ.1சி போதும்.

2019-இல் நாடு முழுக்க எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடையே அது 31.4 சதவீதம். மூன்று பேரில் ஒருவர் என்றே சொல்லலாம். அந்த 18.3 சதவீதத்தினரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது. இதைச் சொன்னபோது மண்டபத்தில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விரல் எடுத்தவர், காலெடுத்தவர், வாரம் மூன்று தடவை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர் என்று ஒவ்வொரு வீட்டு வரிசையிலும் ஒரு பெயர் உண்டு. அந்த நாற்காலியில் என் சித்தப்பா நான்கு ஆண்டுகள் உட்கார்ந்தார். அவருக்கு நோய் வந்த நாளும் கண்டுபிடித்த நாளும் ஒன்றல்ல என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

பொரித்த எண்ணெயால் இனிப்புநீர் வருகிறது என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சோறு, உடலுழைப்புக் குறைவு, பரம்பரை எனப் பல காரணங்கள். ஒரே வகை இரசாயனம் சட்டிக்குள்ளும் இரத்தத்துக்குள்ளும் நடக்கிறது. இரண்டிலும் வாசமும் வலியும் வரும் முன்பே எண் வந்துவிடும். அந்த எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

வீட்டில் செய்யக்கூடியவை

எண்ணெயைப் புகைய விடாதீர்கள். புகை வந்தால் அடுப்பை அணைத்துவிடுங்கள். வீட்டில் பொரித்த எண்ணெயை ஆறியதும் வடிகட்டி, மூடிய பாத்திரத்தில் வெளிச்சம் படாமல் வைத்து, ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை, தாளிக்கவோ வதக்கவோ பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். இரும்பும் செம்பும் எண்ணெய் கெடுவதை விரைவுபடுத்தும். சட்டியிலேயே விட்டுவைக்க வேண்டாம். நுரை அடங்காமல் பொங்கினால், பிசுபிசுத்தால், கறுத்தால் அதோடு முடிந்தது. மீன் பொரித்த எண்ணெயை வடைக்கு ஊற்றிச் சிக்கனம் பார்க்க வேண்டாம். சாக்கடையிலும் ஊற்ற வேண்டாம். போத்தலில் சேர்த்து விற்றுவிடுங்கள். குறைவாக ஊற்றிப் பொரிக்கச் சிறிய, குழிவான சட்டி ஒன்று வாங்கிக்கொண்டால் மிச்சமாகும் எண்ணெயே குறையும்.

இளைய வாசகர்களுக்கு ஒன்று. நீலாயிலும் பாங்கியிலும் சிரம்பானிலும் ஆய்வுக்கூடங்களில் நம் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். செம்பனைக் குலையைத் தோளில் சுமந்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று அந்த எண்ணெயின் ஒரு மூலக்கூறை எடை போடுகிறார்கள். அந்த அறிவு ஏற்றுமதி எண்ணெய்க்கு மட்டும் சேவை செய்தால் போதாது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பா அம்மாவிடம் கடைசி எச்.பி.ஏ.1சி எண் என்னவென்று கேளுங்கள். தெரியாது என்றால், திங்கட்கிழமை காலையில் நீங்களே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.